வீட்டுக்கு அடுப்பும் ஓவனும்: எதைத் தேர்ந்தெடுப்பது, எங்கே வைப்பது – முழுமையான வழிகாட்டி

அடுப்பு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கடையில்தான் தொடங்குகிறார்கள். எத்தனை பர்னர், கண்ணாடியா ஸ்டீலா, ஓவன் எத்தனை லிட்டர் என்று பார்த்துப் பிடித்ததை வாங்கிவிட்டு, அதைச் சமையலறைக்குள் எப்படி அடக்குவது என்று பிறகு யோசிக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. கருவியை என்றைக்கும் மாற்றிக்கொள்ளலாம். வெளிச்சுவரைத் துளைத்துப் போகும் புகைக்குழாய், பூச்சுக்குள் புதைந்த மின்கம்பி, எரிவாயுக் குழாய், கல் மேடையில் வெட்டிய துளை ஆகியவற்றை அப்படி மாற்ற முடியாது. அடுப்பின் முன் நிற்பவரின் உயரமும் மாறப்போவதில்லை. மாற்ற முடியாதவற்றை முதலில் முடிவுசெய்து, கருவியைக் கடைசியில் தேர்ந்தெடுப்பதே எங்கள் முறை. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் வருகின்றன.

இங்கே தரும் அளவுகள் பொதுவானவை. கருவியோடு வரும் பொருத்துதல் கையேடோ, உங்கள் பகுதியின் மின், எரிவாயு விதிகளோ வேறு அளவைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

## முதல் படி: இரண்டு வாரச் சமையலைக் குறித்துவையுங்கள்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு வேளையும் நான்கு விவரங்களை எழுதுங்கள். ஒரே நேரத்தில் அடுப்பில் எத்தனை பாத்திரங்கள் இருந்தன? அவற்றில் பெரியதன் விட்டம் எவ்வளவு? ஓவன் தேவைப்பட்டதா, தேவைப்பட்டால் எத்தனை தட்டுகள்? சமையலறையில் எத்தனை பேர் நின்றார்கள்?

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பலருக்கும் ஆச்சரியம் காத்திருக்கும். ஐந்து பர்னர் வேண்டும் என்று நினைத்தவர் இரண்டு பர்னருக்கு மேல் எரித்திருக்க மாட்டார். ஆனால் அந்த இரண்டிலும் அகலமான பாத்திரங்கள் இருந்திருக்கும். 60 செ.மீ. அகல அடுப்பில் 28 செ.மீ. பாத்திரங்கள் இரண்டை அருகருகே வைத்தாலே 56 செ.மீ. போய்விடும். பின்வரிசை பர்னர்கள் சும்மா கிடக்கும், அல்லது முன்னால் இருக்கும் பாத்திரத்தின் கைப்பிடி பின்பர்னரின் தீயில் காயும். அகலப் பாத்திரம் அதிகம் புழங்கும் வீட்டுக்கு, நெருக்கியடித்த நான்கு பர்னரைவிட 75 செ.மீ. அகலத்தில் தள்ளித்தள்ளி அமைந்த மூன்று பர்னர் நல்லது.

## இரண்டாம் படி: எரிவாயுவா, மின்சாரமா

எரிவாயுத் தீயின் வெப்பத்தில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் பாத்திரத்துக்குள் போகிறது. மீதி பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி அறையைச் சூடாக்குகிறது. இண்டக்ஷனில் சுமார் 85 சதவீதம் பாத்திரத்துக்கே போகும். ஆகவே 3 கிலோவாட் எரிவாயு பர்னர் உண்மையில் தருவது 1.2 கிலோவாட் அளவு. 2 கிலோவாட் இண்டக்ஷன் வட்டம் தருவது 1.7. தண்ணீர் கொதிக்கவைக்கும் போட்டியில் இண்டக்ஷன் எளிதாக வெல்வது இதனால்தான். சமையலறை வெக்கையும் குறையும்.

இண்டக்ஷனுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும், அடி தட்டையாக இருக்க வேண்டும். தனி அலுமினியம், செம்பு, மண்பாத்திரம் ஆகியவை வேலை செய்யாது. குழிந்த அடியுள்ள வாணலியில் நடுப்புள்ளி மட்டும்தான் சூடாகும். பாத்திரத்தைத் தூக்கிக் குலுக்கிச் சமைப்பவர்களுக்கும் இது பழகக் கொஞ்சம் காலமாகும், ஏனெனில் பாத்திரம் மேலெழுந்ததும் சூடும் நின்றுவிடும். இப்போது கையிலிருக்கும் பாத்திரங்களை ஒரு காந்தத்தோடு சோதித்துவிட்டு முடிவெடுங்கள். பாதிக்கு மேல் ஒட்டவில்லை என்றால் புதுப் பாத்திரச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எரிவாயு எல்லாப் பாத்திரத்தையும் ஏற்கும், மின்தடையிலும் எரியும். ஆனால் எரியும்போது நைட்ரஜன் டைஆக்ஸைடு, கார்பன் மோனாக்ஸைடு, நிறைய நீராவி ஆகியவற்றையும் அறைக்குள் விடும். வெளியே புகை தள்ள வழியே இல்லாத சமையலறைக்கு எரிவாயுவை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சுவரில் துளை போட அனுமதி கிடைக்காத அடுக்குமாடி வீடுகளில் இந்த ஒரு காரணமே தேர்வை முடித்துவைத்துவிடும்.

கண்ணாடிக்குக் கீழே சிவந்து எரியும் மின்சுருள் அடுப்பு மூன்றாவது வகை. எந்தப் பாத்திரமும் வைக்கலாம். ஆனால் சூடாகவும் தாமதம், ஆறவும் தாமதம். பொங்கி வரும் பாத்திரத்தை உடனே அடக்க முடியாது, இறக்கித்தான் வைக்க வேண்டும்.

இரண்டையும் கலப்பதில் தவறில்லை. மேலே எரிவாயு பர்னர்கள், கீழே மின் ஓவன் என்ற அமைப்பு பலருக்கும் பொருந்துகிறது. எரிவாயு ஓவனில் வெப்பம் அடியிலிருந்து வரும், எரிதலில் பிறக்கும் நீராவியால் உள்ளே ஈரமும் இருக்கும். தட்டில் உள்ளதன் மேற்பகுதி சிவக்க நேரமாவது அதனால்தான். அடிக்கடி ஓவன் பயன்படுத்துபவர்கள் மின் ஓவனையே எடுங்கள்.

## மூன்றாம் படி: அளவெடுப்பு

அறையின் நீள அகலத்தை மூன்று உயரங்களில் அளக்க வேண்டும்: தரையோரம், மேடை மட்டம், தலை மட்டம். சுவர்கள் நேராக இருப்பதாகத் தோன்றினாலும் 1 முதல் 2 செ.மீ. வித்தியாசம் சாதாரணமாக வரும். பதித்து வைக்கும் ஓவனுக்கு விடும் இடைவெளியே சில மி.மீ.தான் என்பதால் மூன்றில் குறைந்த அளவையே கணக்கில் எடுங்கள். மூலைகளில் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். தரையில் ரசமட்டம் வைத்து எந்தப் பக்கம் வாட்டம் என்று குறியுங்கள். கழுவிவிட வசதியாக வாட்டம் விட்ட தரையில் ஒரு மீட்டருக்கு 1 செ.மீ. வரைகூட இறக்கம் இருக்கும். அடுப்பின் கால்களைத் திருகி அதைச் சரிக்கட்ட முடியுமா என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

கதவு, ஜன்னல், அவை திறக்கும் திசை, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்பெட்டி, எரிவாயு வரும் இடம் எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தில் குறித்துவிடுங்கள். வெளிச்சுவர் எது என்பதைத் தடித்த கோட்டில் வரையுங்கள். புகைக்குழாயின் கதி அந்தக் கோட்டைப் பொறுத்தது.

அடுத்து உடலை அளக்க வேண்டும். அதிகம் சமைப்பவர் வழக்கமான செருப்போடு நேராக நின்று, கையை மடக்கி, முழங்கையிலிருந்து தரைவரை அளவு எடுங்கள். மேடை அதைவிட 10 முதல் 15 செ.மீ. தாழ இருக்கலாம். 150 செ.மீ. உயரமுள்ளவருக்கு முழங்கை ஏறக்குறைய 94 செ.மீ.யில் வரும், அவருக்கு 80 முதல் 84 செ.மீ. மேடை போதும். 175 செ.மீ. உயரமுள்ளவருக்கு முழங்கை 110 செ.மீ.; அவர் அதே மேடையில் நின்றால் முதுகு வலிக்கும். அடுப்பில் பாத்திரத்தின் உயரமும் சேர்வதால், அடுப்பு இருக்கும் பகுதியை மட்டும் மேடையைவிட 5 முதல் 10 செ.மீ. தாழ்த்துவது ஆழமான பாத்திரத்தில் கிண்டுபவர்களுக்குப் பெரிய நிம்மதி. மேடை கட்டும்போதே சொன்னால்தான் இது நடக்கும்.

## நான்காம் படி: சேர்ந்த ரேஞ்சா, தனித்தனியா

மேலே அடுப்பும் கீழே ஓவனும் ஒரே உடலில் வருவது குக்கிங் ரேஞ்ச். பொதுவாக 60, 76, 90 செ.மீ. அகலங்களில் கிடைக்கும். ஒரே மின் இணைப்பும் ஒரே எரிவாயு இணைப்பும் போதும், தச்சு வேலை குறைவு, வீடு மாறினால் கூடவே எடுத்துப் போகலாம். வாடகை வீட்டுக்கு இதுதான் ஏற்றது. குறை என்னவென்றால், ஓவன் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். கொதிக்கும் தட்டைக் குனிந்து எடுக்க வேண்டும். அடுப்பின் முன் ஒருவர் நின்றால் இன்னொருவர் ஓவனைத் திறக்க முடியாது. ஒன்று பழுதானால் இரண்டும் வெளியே போகும்.

தனித்தனியாக வைத்தால் மேடையில் பதிக்கும் அடுப்பான ஹாப் ஓரிடத்திலும், உயர அலமாரியில் ஓவன் வேறிடத்திலும் இருக்கும். இடுப்பு வலி உள்ளவர்களுக்கும், இரண்டு பேர் சேர்ந்து சமைக்கும் வீட்டுக்கும் இதுதான் வசதி. செலவு கூடும், உயர அலமாரிக்காக 60 செ.மீ. மேடையும் போகும். ஆறடி மேடை மட்டுமே உள்ள சிறிய சமையலறையில் அந்த 60 செ.மீ.யை விட்டுக்கொடுக்காதீர்கள்; அங்கே ஹாப்புக்குக் கீழேயே ஓவனைப் பதித்துவிடுவது நல்லது.

90 செ.மீ. ரேஞ்சைப் பார்த்து மயங்கும் முன் ஒன்றை யோசியுங்கள். பெரிய ஓவன் சூடேற அதிக நேரமும் மின்சாரமும் பிடிக்கும். ஒரு சிறு தட்டுக்காகவும் ஓவனின் உட்புறம் முழுவதையும் சூடாக்கியாக வேண்டும். அதே இடத்தில் ஒரு 60 செ.மீ. ஓவனும், 45 செ.மீ. உயரமுள்ள சிறிய ஓவனும் இருந்தால் அன்றாடத்துக்குச் சிறியது, விருந்துக்கு இரண்டும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

## ஐந்தாம் படி: அடுப்புக்கு இடம்

சிங்க், ஃப்ரிட்ஜ், அடுப்பு மூன்றையும் இணைக்கும் முக்கோணம் 1940களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான கணக்கு. அதற்கு முன்பே 1920களில் அமெரிக்கப் பொறியாளர் லில்லியன் கில்பிரெத் சமையலறையில் நடக்கும் அடிகளைக் குறைப்பது பற்றி ஆராய்ந்திருந்தார். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் 1.2 முதல் 2.7 மீட்டர், மூன்றும் சேர்ந்து 4 முதல் 8 மீட்டர் என்பது இன்றும் பயன்படும் அளவு. இதில் ஓவன் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓவனில் தட்டை வைத்துவிட்டால் அரை மணி நேரம் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. அது முக்கோணத்துக்கு வெளியே, ஓரமாக இருந்தாலும் ஒரு நட்டமும் கிடையாது. இதைப் புரிந்துகொண்டாலே பாதி இடப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவே உள்ள மேடைதான் சமையலறையின் உயிர். நறுக்குவதும் பிசைவதும் அங்கேதான் நடக்கும். 90 செ.மீ. கிடைத்தால் அருமை, 60 செ.மீ. இருந்தால் சமாளிக்கலாம். 30 செ.மீ.க்குக் கீழே போனால் தண்ணீர் தெறித்து பர்னருக்குள் போகும், சூடான எண்ணெயில் விழும் ஆபத்தும் உண்டு. அடுப்பின் ஒரு பக்கம் 30, மறுபக்கம் 38 செ.மீ. மேடையாவது வேண்டும். இறக்கிய பாத்திரத்தை வைக்க இடமில்லாமல் கையில் பிடித்துக்கொண்டு தேடுவதுதான் பல தீக்காயங்களுக்குக் காரணம்.

அடுப்பு இருக்கக் கூடாத இடங்கள் சில உண்டு. ஜன்னலுக்கு நேர் கீழே வேண்டாம்: காற்று தீயை அணைக்கும், திரைச்சீலை பற்றும், சிம்னி மாட்டவும் முடியாது. நடைபாதை ஓரத்தில் மேடையின் கடைசியில் வேண்டாம், போகிறவரின் இடுப்பு கைப்பிடியில் இடிக்கும். மூலைச் சுவரை ஒட்டி வேண்டாம், முழங்கை இடிப்பதோடு சுவரும் கருகும். பக்கவாட்டில் 30 செ.மீ. விடுங்கள். ஃப்ரிட்ஜை ஒட்டியும் வேண்டாம்.

அறையின் நடுவில் தீவுபோல் நிற்கும் மேடையில் அடுப்பு வைக்க ஆசைப்படுபவர்கள், எதிரே உட்காருபவர் முகத்தில் எண்ணெய் தெறிக்காதபடி பின்னால் 30 செ.மீ.யாவது காலி மேடை விட வேண்டும். அங்கே புகையை ஒதுக்கிப் பிடிக்கச் சுவரே இல்லாததால் சிம்னி அடுப்பைவிட அகலமாக இருக்க வேண்டும். நிறையப் பொரிப்பவர்கள், தாளிப்பவர்கள் நடுமேடை அடுப்பைத் தவிர்ப்பது நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

## ஆறாம் படி: ஓவனின் உயரமும் கதவும்

கீழ்நோக்கித் திறக்கும் ஓவன் கதவு நடைவழியில் 45 முதல் 50 செ.மீ. நீட்டிக்கொண்டு வரும். அதன் முன்னால் தட்டோடு நிற்க இன்னும் 55 செ.மீ.யாவது தேவை. எனவே எதிரெதிர் மேடைகளுக்கு நடுவே 105 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இருவர் சமைக்கும் வீட்டில் 120 செ.மீ. வேண்டும். ஓவனும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் எதிரெதிரே இருந்தால் இரண்டு கதவும் ஒன்றாகத் திறக்குமா என்று பாருங்கள். வழி குறுகலாக இருந்தால் பக்கவாட்டில் திறக்கும் கதவுள்ள ஓவனைத் தேடலாம்.

உயர அலமாரியில் பதிக்கும்போது, திறந்த கதவின் மட்டம் சமைப்பவரின் முழங்கையைவிட 5 முதல் 15 செ.மீ. தாழ வருவது சரியான உயரம். முழங்கை 100 செ.மீ.யில் உள்ளவருக்குக் கதவு 85 முதல் 95 செ.மீ.யில் வரும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஓவன் வைத்தால் மேலுள்ளதன் தட்டு தோளுக்கு மேலே போகவே கூடாது. தோளுக்கு மேல் தூக்கிய சூடான தட்டு சாய்ந்தால் அதில் உள்ளது முகத்தில்தான் விழும். உயரம் குறைந்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

தட்டை இறக்க ஓவனுக்கு அருகில் 38 செ.மீ. மேடை வேண்டும். பக்கத்தில் இல்லாவிட்டால் எதிரே, 120 செ.மீ.க்குள் இருக்கலாம், நடுவில் யாரும் நடமாடும் வழி இல்லை என்றால்.

60 செ.மீ. ஓவனுக்கான குழிவு பொதுவாக 56 செ.மீ. அகலம், 59 முதல் 60 செ.மீ. உயரம், குறைந்தது 55 செ.மீ. ஆழம். அலமாரியின் பின்பலகையை எடுத்துவிட்டு, அடித்தட்டின் பின்னோரத்தையும் 4 முதல் 5 செ.மீ. வெட்டிவிட்டால் சூடான காற்று மேலே ஏறிப் போகும். தச்சர்கள் அலமாரி உறுதிக்காகப் பின்பலகையை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். விளைவு, அதிகச் சூட்டில் ஓவன் தானாகவே நடுவில் நின்றுபோகும். கருவி பழுது என்று நினைத்துப் பழுதுபார்ப்பவரை அழைப்பார்கள். அவர் வெளியே எடுத்துச் சோதித்தால் நன்றாகவே ஓடும். பக்கத்துக் கதவுகளின் மேல்பூச்சும் பசையும் 90 டிகிரி வரை தாங்குபவையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் உரிந்து வரும்.

## ஏழாம் படி: புகைக்கு வழி

சிம்னியின் உறிஞ்சும் திறனை இரண்டு விதமாகக் கணக்கிட்டுப் பெரியதை எடுங்கள். முதலாவது அறையின் கன அளவு: 3 மீட்டர் × 3.5 மீட்டர் × 2.8 மீட்டர் அறை 29.4 கன மீட்டர். மணிக்கு 10 முதல் 15 முறை காற்று மாற வேண்டுமானால் 294 முதல் 441 கன மீட்டர். இரண்டாவது பர்னர்களின் திறன்: எரிவாயுவில் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்குச் சுமார் 60 கன மீட்டர். மொத்தம் 8 கிலோவாட் பர்னர் என்றால் 480 கன மீட்டர். ஆக 500 அளவுள்ள சிம்னி இந்த வீட்டுக்குப் போதும். பெட்டியில் 1200 என்று அச்சிட்ட சிம்னியை வாங்கி 10 செ.மீ. குழாயில் இணைப்பதால் சத்தம் மட்டுமே மிஞ்சும்.

ஏனென்றால் குழாய்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 15 செ.மீ. விட்டக் குழாயோடு ஒப்பிட்டால் 12.5 செ.மீ. குழாயின் வாய்ப்பரப்பு 69 சதவீதம்; 10 செ.மீ. குழாயில் பாதிக்கும் குறைவு, வெறும் 44 சதவீதம். மணிக்கு 500 கன மீட்டர் காற்று 15 செ.மீ. குழாயில் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகும். 10 செ.மீ. குழாயில் அதுவே 18 மீட்டர் வேகத்தில் சீறும். எனவே சிம்னியின் வாயில் உள்ள விட்டத்தையே வெளிச்சுவர்வரை கொண்டுபோங்கள். வழவழப்பான தகரக் குழாய் நல்லது. மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாயில் காற்றும் தடைபடும், எண்ணெயும் மடிப்புகளில் தேங்கும். வேறு வழியில்லாமல் அதைப் போட்டால் முழுதாக இழுத்து நீட்டிப் போடுங்கள். வளைவுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். குழாய் வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருந்தால் உள்ளே படியும் நீர் சிம்னிக்குத் திரும்பாது.

சிம்னியின் உயரம் மின் அடுப்புக்கு மேல் 60 முதல் 65 செ.மீ., எரிவாயுவுக்கு 65 முதல் 75 செ.மீ. 80க்கு மேல் போனால் புகை பக்கவாட்டில் சிதறிவிடும். அகலம் அடுப்புக்குக் குறையவே கூடாது. கரித்துகள் வடிகட்டியால் காற்றைச் சுத்தம் செய்து அறைக்குள்ளேயே திருப்பிவிடும் வகை, வாசனையைக் குறைக்கும். நீராவியையும் எரிவாயு எரிவதால் வரும் நச்சு வாயுக்களையும் அதனால் வெளியேற்ற முடியாது.

வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். எல்லா ஜன்னலையும் இறுக மூடிவிட்டுச் சிம்னியை முழு வேகத்தில் ஓட்டினால், குளியலறையில் உள்ள எரிவாயு வெந்நீர்க் கருவியின் புகையையும் அது வீட்டுக்குள் இழுத்துவிடும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கலாம், அது உயிரைக் குடிக்கும். தயவுசெய்து இதை அலட்சியப்படுத்தாதீர்கள். ஒரு ஜன்னலை விரலளவாவது திறந்துவைத்துச் சமையுங்கள், கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் மாட்டுங்கள்.

## எட்டாம் படி: மின்சாரம்

கணக்கு எளிது: வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட்டில் 3.5 கிலோவாட் ஓவன் 15 ஆம்பியரும், 7.4 கிலோவாட் இண்டக்ஷன் ஹாப் 32 ஆம்பியரும் எடுக்கும். கூடவே 2 கிலோவாட் கெட்டில் ஒன்றையும் போட்டால் மொத்தம் 56 ஆம்பியர். வீட்டின் இணைப்பே 40 ஆம்பியர் என்றால் மெயின் விழுந்துவிடும். இதைத் தீர்க்க இரண்டு வழிகள். இணைப்பின் அளவைக் கூட்டலாம், அல்லது மொத்த மின்திறனுக்கு வரம்பு வைக்க முடிகிற ஹாப்பை வாங்கி 3.5 அல்லது 4.5 கிலோவாட்டில் நிறுத்தலாம். நான்கு வட்டமும் உச்சத்தில் எரிவது அரிது என்பதால் இரண்டாவது வழியில் பெரும்பாலானோருக்குக் குறையே தெரிவதில்லை.

ஓவனுக்கும் ஹாப்புக்கும் மின்பெட்டியிலிருந்து தனித்தனிக் கம்பி, தனித்தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானாக விழும் சுவிட்ச்) வேண்டும். செம்புக் கம்பியில் 16 ஆம்பியர் ஓவனுக்கு 2.5 சதுர மி.மீ., 32 ஆம்பியர் ஹாப்புக்கு 6 சதுர மி.மீ. என்பது வழக்கமான அளவு. கம்பி நீளமாகப் போனாலோ வெப்பமான இடம் வழியாகப் போனாலோ ஒருபடி கூட்ட வேண்டியிருக்கும். அதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் முடிவுசெய்யட்டும். எர்த் இல்லாத இணைப்பில் ஓவனை ஓட்டவே கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.

பிளக் பாயின்ட்டை ஓவனுக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள். பிளக் நீட்டிக்கொண்டு நிற்பதால் ஓவன் முழுதாக உள்ளே போகாது; அவசரத்தில் கையும் எட்டாது. பக்கத்து அலமாரிக்குள் வையுங்கள். ஹாப்புக்குக் கீழே ஓவன் வைப்பதாக இருந்தால், ஓவனில் குளிர்விக்கும் விசிறி உண்டா என்று கேளுங்கள். அது இல்லாத ஓவனுக்கு மேல் இண்டக்ஷன் வைக்க உற்பத்தியாளர்கள் அனுமதிப்பதில்லை. கீழிருந்து ஏறும் வெப்பம் ஹாப்பின் மின்னணுப் பலகையைக் கெடுத்துவிடும்.

## ஒன்பதாம் படி: எரிவாயு

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் வைக்கும் அலமாரிக்குத் தரைமட்டத்தில் காற்றோட்டத் துளை வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசானது, மேலே ஏறும். அதற்குத் துளை உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் மாற்றி அமைத்தால் துளை இருந்தும் பயனில்லை.

பர்னருக்குள் வாயுவை விடும் சிறு துளையுள்ள ஜெட்டும் இரண்டுக்கும் வேறு. இயற்கை எரிவாயுவுக்கான ஜெட் துளை பெரியது. அதில் எல்.பி.ஜி. விட்டால் மஞ்சளாகப் பெருந்தீ எழுந்து பாத்திரம் கரிபிடிக்கும். எல்.பி.ஜி. ஜெட்டில் இயற்கை எரிவாயு விட்டால் தீ சோர்ந்து எரியும். வாங்கும்போதே எந்த வாயு என்று சொல்லி, உரிய ஜெட் பெட்டியில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். தீ அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு வால்வு ஒவ்வொரு பர்னரிலும் இருக்க வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மூடும் வால்வு அடுப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது. தீயைத் தாண்டாமல் கை எட்டும் பக்கத்து அலமாரியில் இருக்கட்டும். ரப்பர் குழாய் ஓவனின் பின்முதுகைத் தொடாமல் போக வேண்டும். அதில் அச்சிட்ட காலாவதி ஆண்டைக் குறித்துவையுங்கள்.

## பத்தாம் படி: தரையில் வரைந்து பாருங்கள், பிறகு வாங்குங்கள்

ஒட்டுநாடாவால் தரையில் மேடைகளின் ஓரத்தை அடையாளமிடுங்கள். அட்டைப்பெட்டியை ஓவன் அளவுக்கு வெட்டி, முன்பக்கத்தைக் கதவுபோல் மடக்கி, நினைத்த உயரத்தில் வையுங்கள். காலித் தட்டோடு திறந்து, எடுத்து, திரும்பி, இறக்கிப் பாருங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களையும் அதே நேரத்தில் நடமாடச் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரியும்.

இப்போதுதான் கருவி. ஓவனில் விசிறியைச் சுற்றி வளைய வடிவ ஹீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இரண்டு தட்டுகள் ஒரே சீராக வேகும். வெறும் விசிறி மட்டும் என்றால் மேலும் கீழும் உள்ள வெப்பத்தைக் கலக்கிவிடும், அவ்வளவுதான். அடிவெப்பம் மட்டும், மேல்வெப்பம் மட்டும் எனத் தனித்தனியே இயக்க முடிய வேண்டும். வழுக்கி வெளியே வரும் தண்டவாளம் ஒரு தட்டுக்காவது இருக்கட்டும். கதவில் மூன்று கண்ணாடி இருந்தால் வெளிப்பக்கம் சூடு குறையும், தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு அது முக்கியம். 480 டிகிரி அளவுக்குச் சூடேறி அழுக்கைச் சாம்பலாக்கும் தானியங்கிச் சுத்தம் நல்ல வசதி. ஆனால் அது ஓடும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள், வளர்ப்புப் பறவை இருந்தால் வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள், அந்தப் புகை பறவைகளுக்கு ஆகாது.

ஹாப் கைக்கு வந்த பிறகே கல்லை வெட்டச் சொல்லுங்கள். 60 செ.மீ. ஹாப்புக்கு 56 × 49 செ.மீ. துளை வழக்கம் என்றாலும் மாடலுக்கு மாடல் மாறும். துளையின் முன்னும் பின்னும் 5 செ.மீ. கல்லாவது மிஞ்ச வேண்டும், மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும். செங்கோணமாக வெட்டிய மூலையிலிருந்துதான் விரிசல் ஓடும். கண்ணாடி ஹாப்பைச் சிலிக்கோன் பசையால் ஒட்டவிடாதீர்கள். கூட வரும் நுரைநாடாவே போதும். ஒட்டிவிட்டால் பழுதின்போது கண்ணாடியை உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

## பதினோராம் படி: பொருத்தும் நாள்

தனியாக நிற்கும் ரேஞ்சோடு ஓர் இரும்புக் கொக்கி வரும். பின்சுவரிலோ தரையிலோ திருகி, ரேஞ்சின் பின்காலை அதில் மாட்ட வேண்டும். பொருத்துபவர்கள் நேரமில்லை என்று இதை அடிக்கடி விட்டுவிட்டுப் போகிறார்கள். கொக்கி இல்லாத ரேஞ்சில், திறந்த ஓவன் கதவின்மேல் ஒரு குழந்தை ஏறினால் போதும், முழு ரேஞ்சும் மேலே உள்ள கொதிக்கும் பாத்திரங்களோடு முன்னால் சாயும். கொக்கி மாட்டியபின், மேலே பாத்திரம் எதுவும் இல்லாதபோது ரேஞ்சின் பின்னோரத்தைப் பிடித்து முன்னோக்கி மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். சில செ.மீ.யில் தடுத்து நிற்க வேண்டும்.

ரசமட்டத்தை மேடையில் வைக்காதீர்கள், ஓவனுக்குள் கம்பித்தட்டின்மேல் நீளவாக்கிலும் குறுக்காகவும் வையுங்கள். எரிவாயு இணைப்புகள் ஒவ்வொன்றிலும் சோப்புநீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியால் சோதிக்கவே வேண்டாம். தீ நீலமாக, பர்னரை விட்டு எழும்பாமல் எரிய வேண்டும். சிம்னியின் வடிகட்டியில் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள், குறைந்த வேகத்திலேயே அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஓவனை முதலில் காலியாக 250 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓட்டி, தொழிற்சாலை எண்ணெயையும் வாடையையும் எரித்துவிடுங்கள். நெடுநாள் கிடங்கில் கிடந்த ஓவன் முதல்முறை ஆர்.சி.சி.பி.யைத் தட்டிவிடலாம். ஹீட்டருக்குள் இருக்கும் காப்புத்தூள் ஈரம் உறிஞ்சியிருப்பது அதற்கு ஒரு காரணம். அப்போது ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிட்டு நேரடியாக இணைக்க யாராவது முன்வந்தால் உறுதியாக மறுத்துவிடுங்கள். ஹீட்டரை எலக்ட்ரீஷியன் சோதித்து உலர்த்தட்டும். அதன் பிறகும் விழுந்தால் ஹீட்டரை மாற்ற வேண்டும்.

கடைசியாக வெப்பச் சோதனை. ஓவன் வெப்பமானியை நடுத்தட்டில் வைத்து 180 டிகிரிக்குத் திருப்பி, சூடேறியதாக விளக்கு சொன்ன பிறகும் 20 நிமிடம் காத்திருங்கள். பின் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு அளவுகள் எடுத்துச் சராசரி பாருங்கள். ஹீட்டர் விட்டுவிட்டு எரிவதால் அளவு ஏறியிறங்கும், ஒற்றை அளவை நம்பக் கூடாது. சராசரி 10 டிகிரிக்குமேல் விலகினால், மின்னணுக் கட்டுப்பாடுள்ள ஓவன்கள் பலவற்றில் அமைப்புப் பட்டியலிலேயே திருத்தலாம். குமிழ் வைத்த ஓவனில் விலகலை ஒரு சீட்டில் எழுதிக் கதவருகே ஒட்டிக்கொள்ளுங்கள். அடுத்து ரொட்டித் துண்டுகளைத் தட்டு முழுக்க இடைவெளியின்றிப் பரப்பி, 200 டிகிரியில் சிவக்கவிடுங்கள். எந்த மூலை முதலில் கருகுகிறதோ அங்கே சூடு அதிகம். இனிமேல் வேகும் நேரத்தில் பாதி கடந்ததும் தட்டைத் திருப்பி வைத்தால் அது சரியாகும்.